கொல்லன் மகன் ஏற்றிய மெழுகுவத்தி

1791இல் இலண்டனை அடுத்த நியூயிங்டனில், ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தான் மைக்கேல் பாரடே. எழுத்தும் எண்ணும் கற்றதோடு பள்ளி முடிந்தது. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சென்றான். பிறருக்காகக் கட்டிய ஏடுகளைத் தானும் படித்தான். ஜேன் மார்செட் அம்மையார் 1806இல் உரையாடல் நடையில் வெளியிட்ட வேதியியல் நூல் அவன் கண்ணில் பட்டது. படித்ததோடு நின்றானா? இல்லை, சிறுசிறு சோதனைகள் செய்து சரிபார்த்தான்!

1812இல், அம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கக் கடைக்கு வருவோர் ஒருவர் நுழைவுச் சீட்டுத் தந்தார். கேட்டதைக் குறிப்பெடுத்து, அழகுறக் கட்டி, டேவிக்கே அனுப்பினான். 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளனானான். பின்னாளில் அவன் 'அவர்' ஆனார். அறிவுலகம் வணங்கும் 'அவர்'!

ஏறிய ஏணியை எட்டி உதைப்போர் உண்டு. பாரடே அதனை இளைஞர்க்கு நீட்டினார். அங்கே 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை, 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை அவரே நிகழ்த்தினார். 1855இல் விக்டோரியா அரசியின் மைந்தர், கொல்லன் மகன் எதிரே மாணவராக அமர்ந்தனர்!

1848இலும் 1860இலும் அவர் எடுத்துக்கொண்ட பொருள், குடிசையிலும் எரியும் மெழுகுவத்தி. அணைந்த திரியிலிருந்து எழும் ஆவியில் தீக்காட்டினார். சுடர் தாவித் திரியைப் பற்றிற்று. எரிவது மெழுகின் ஆவி என்பது விளங்கிற்று. குளிர்ந்த கலத்தைச் சுடர்மேல் பிடித்தார், நீர்த்துளி அரும்பிற்று. சுடரிலிருந்து வரும் காற்று சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்கிற்று. நம் மூச்சும் அவ்வாறே செய்கிறது எனக் காட்டினார். எங்கும் 'நம்பு' என்ற கட்டளை இல்லை. 'பார்' என்ற அழைப்பே இருந்தது.

இந்தப் பழக்கத்தின் பயன் என்ன? 1853இல், கைவைத்தால் மேசை தானே சுழல்கிறது, ஆவியின் திருவிளையாடல் என்று ஊரே மயங்கிற்று. தம் திருச்சபையில் ஆழ்ந்த பற்றுடையவர்தான் பாரடே, ஆயினும் சோதித்தார். அட்டையும் உருளையும் கொண்டு கருவி அமைத்தார். அமர்ந்தோர் கைகளே, அவர்கள் அறியாமல், மேசையைத் தள்ளின என்று அது காட்டிற்று. காட்டும் முள் கண்ணெதிரே இருந்தபோது மேசை அசையவேயில்லை!

ஆனால் கண்டு வியப்பது மட்டும் போதாது. மெழுகுவத்திச் சொற்பொழிவுகளை 1861இல் நூலாகப் பதிப்பித்தவர் வில்லியம் குரூக்ஸ். தாலியம் என்ற தனிமத்தைக் கண்டவர். அவரே 1870களில் ஆவியுலகக் காட்சிகளை மெய்யென ஏற்றார்! வித்தைக்காரனும் கண்ணுக்குத்தான் விருந்தளிக்கிறான். 'வேறு காரணம் இருக்குமோ?' என்று கேட்கப் பழக்குபவனே ஆசிரியன்.

ஆகவே, ஆசிரியத் தோழர்களே! கரும்பலகையில் சமன்பாட்டை எழுதுமுன் ஒரு சுடரை ஏற்றுங்கள். மாணவன் கேட்கட்டும், அவன் கையாலேயே செய்து பார்க்கட்டும். ஒரு கொல்லன் மகனுக்குச் சீட்டு கிடைத்தது. சீட்டுக் கிடைக்காமல் சுத்தியலோடு முடிந்த பாரடேக்கள் எத்தனை பேரோ? எந்த வாயிலிலும் சீட்டுக் கேளாத வகுப்பறையே அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.