முதலுதவிப் பயிற்சியில் தொற்றுத் தடுப்பு

முதலுதவி கற்க வந்தவர்களிடையே நோய்க்கிருமி பரவாமல் காக்கும் நடைமுறைகளையும், காயம்பட்டவரைத் தொடும்போது பின்பற்றவேண்டிய சுத்தத்தைக் கற்பிப்பதையும் இது குறிக்கும்.

இந்தப் பயிற்சி யாருக்கு முதலில் வேண்டும் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டம் ஓர் எடுத்துக்காட்டு. அதன் ஆந்திர எல்லையோரம் உள்ள ஆர்.கே.பேட்டை, விசைத்தறி ஊர். மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. அங்குள்ளவை போன்ற பெரிய ஆலைகளுக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியையும், அதற்குச் சான்றிதழ் பெற்ற பொறுப்பாளரையும் விதித்தது. மின்சாரத்தில் இயங்கினாலும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தறிக்கூடம் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. விரல் கிழிந்தால் பக்கத்துத் தறிக்காரர்தான் ஓடிவருவார். பயிற்சி முதலில் சேரவேண்டியது அவருக்கே.

பயிற்சியில் அதிகக் கவனம் கேட்பது செயற்கை சுவாசப் பொம்மை. நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் 1960இல் இதை அறிமுகப்படுத்தினார். ஒரே வாயில் இருபது பேர் வாய் வைத்து ஊதுவதால், 1980களில் எய்ட்ஸ் அச்சம் எழுந்தபோது, பொம்மை வழியே அது பரவுமா என்ற கேள்வியும் எழுந்தது. பொம்மையால் எச்.ஐ.வி. பரவியதாகச் சான்று கிடைக்கவில்லை; ஆனால் சளி, காய்ச்சல், வாய்ப்புண் கிருமிகளுக்கு எச்சில் போதும். ஆளுக்கொரு முகப்பகுதி தருவதே சிறந்தது. இல்லையென்றால், ஒருவர் முடித்ததும் 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த துணியால் வாயையும் மூக்கையும் அழுத்தித் துடைத்து, 30 விநாடி ஈரமாக விட்டு, வேறொரு சுத்தமான துணியால் உலர்த்த வேண்டும். அவசரத்தில் இந்த 30 விநாடியைத்தான் விட்டுவிடுகிறார்கள். வகுப்பு முடிந்தபின் கழற்றக்கூடிய பாகங்களைச் சோப்பால் கழுவி, பிளீச்சிங் கரைசலில் 10 நிமிடம் ஊறவைப்பார்கள்.

ரத்தத்தைப் பொறுத்தவரை விதி ஒன்றே: யாருடைய ரத்தமானாலும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையுறை அணிவது. ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் உயிரோடிருக்கும். கையுறையைக் கழற்றும்போது அதன் வெளிப்பக்கம் தோலில் படக்கூடாது. கழற்றிய பிறகும் கைகளைச் சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவ வேண்டும். வண்ணப்பொடி கலந்த நீரைக் கையுறையில் பூசிக் கழற்றச் சொன்னால், தவறு விரலிலேயே தெரிந்துவிடும்.

இருமலோ காய்ச்சலோ உள்ளவரைப் பொம்மையருகே விடக்கூடாது. கூலி இழந்து வந்தவர் அதை மறைக்கவே பார்ப்பார். பயிற்சி நடத்துவோர் அவருக்கு வேறொரு நாளை அங்கேயே குறித்துக் கொடுக்க வேண்டும்.