சுமப்பவரும் உரியவரும்: லினக்ஸ் கெர்னலில் பொதிகளுக்கு உரிமை கண்ட வரலாறு

ஒரு கணினியில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் இயங்கினாலும் அவை அனைத்தின் தரவும் வெளியேறும் வாயில் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே அவ்வாயிலில் எதற்கு எவ்வளவு வழிவிடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு, வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவே நின்று இரண்டையும் ஆளும் கெர்னல் எனப்படும் இயங்குதள உட்கருவைச் சேர்ந்தது. தரவு சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே பயணம் செய்கிறது. 1981இல் வெளியான இணைய நெறிமுறை வரையறை, ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் சேவையின் வகையைக் குறிக்க 8 பிட் இடத்தை ஒதுக்கியிருந்தது. 1999இல் வெளிவந்த லினக்ஸ் 2.2 பதிப்பில், அலெக்சி குஸ்நெத்சோவ் உருவாக்கிய போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, முகவரியையும் போர்ட் எண்ணையும் கொண்டு பொதிகளை வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கு ஏற்ப வரிசையில் நிறுத்தியது.

ஆயினும் முகவரி என்பது பொதி போகும் இடத்தைச் சொல்லுமே தவிர, அதை அனுப்பிய நிரல் எது என்பதைச் சொல்லாது. 2006இல் கூகுள் பொறியாளர்களான பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கிய பணி, நிரல்களைக் குழுக்களாகக் கட்டி ஒவ்வொரு குழுவுக்கும் அளவு வகுக்கும் சி-குரூப் என்னும் ஏற்பாடாக 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்பில் இடம்பெற்றது. அடுத்த பதிப்பிலேயே குழுவாரியான நினைவகக் கட்டுப்பாடும் சேர்ந்தது; அதில் ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியப் பிரிவில் பணியாற்றிய பல்பீர் சிங்குக்கு முதன்மையான பங்கு உண்டு. 2009 மார்ச்சில் வெளியான 2.6.29 பதிப்பில் தாமஸ் கிராஃப் எழுதிய பகுதி, ஒவ்வொரு குழுவுக்கும் 32 பிட் வகுப்பு எண் ஒன்றை அளித்து, அக்குழுவின் பொதிகளை அந்த எண்ணால் அடையாளம் காண வழிசெய்தது.

பிழை நுழைந்த இடமும் அதுவே. பொதியைக் கையாளும் அந்த நொடியில் செயலியில் எந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதன் வகுப்பு எண்ணையே கெர்னல் எடுத்துக்கொண்டது. பொதியைக் கையாளும் வேலை தள்ளிப்போனால், அதற்குள் வேறொரு நிரல் செயலிக்கு வந்துவிடக்கூடும். அப்போது ஒருவருடைய பொதி மற்றொருவர் கணக்கில் ஏறும். எதிர்முனையிலிருந்து ‘பெற்றுக்கொண்டேன்’ என்னும் ஒப்புதல் வந்ததும் அடுத்த பொதியைக் கெர்னல் தானே அனுப்பும் தருணத்தில், ஓடும் நிரலுக்கும் பொதிக்கும் தொடர்பே இல்லாததால், அப்பொதி எந்த வகுப்பிலும் சேராமல் போயிற்று. இரண்டு நிரல்கள் எழுதிய தரவு ஒரே பொதியில் கலப்பதும் உண்டு.

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையின் வழக்கம் ஒன்று இச்சிக்கலைத் துலக்கமாகக் காட்டும். தை மாதம் 5ஆம் நாள் நடைபெறும் ஆற்றுத் திருவிழாவில், திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பதும், சுற்றூர்களின் உற்சவமூர்த்திகள் ஆற்றில் கூடுவதும் மரபு. சுவாமியைச் சுமப்போர் வழிநெடுகத் தோள் மாற்றிக்கொள்வர். ஆனால் எழுந்தருளியவர் எந்த ஊர்ச் சுவாமி என்பதை, அந்நேரம் தோள் கொடுத்தவரின் ஊரைக் கேட்டு எவரும் தீர்மானிப்பதில்லை. கெர்னலோ தோள் கொடுத்தவரைக் கேட்டே கணக்கு எழுதிக்கொண்டிருந்தது.

2010 மே மாதம் ஹெர்பர்ட் சூ செய்த திருத்தம், வகுப்பு எண்ணைச் சாக்கெட்டிலேயே பதிந்து வைத்தது. சாக்கெட் என்பது வலைத்தொடர்புக்காக நிரல் திறந்துகொள்ளும் முனை. தொடர்பு நீடிக்கும் வரை நிலைப்பது. எனவே பொதியை எப்போது, எந்தச் சூழலில் அனுப்பினாலும் அதன் உடைமை சாக்கெட்டைப் பார்த்தே அறியப்பட்டது. நிரல் எழுதும்போதும் படிக்கும்போதும் அப்பதிவு புதுப்பிக்கப்பட்டது. 2012இல் டேனியல் வாக்னர் இந்த முறையை மாற்றி, நிரல் ஒரு குழுவிலிருந்து வேறொரு குழுவுக்குப் பெயரும்போது அதன் சாக்கெட்டுகளின் பதிவும் மாறுமாறு அமைத்தார்.

2016 மார்ச்சில் வந்த 4.5 பதிப்பில், தேஜுன் ஹியோ முன்னெடுத்த சி-குரூப் இரண்டாம் வடிவம் சாக்கெட்டில் குழுவையே நேராகச் சுட்டியது. ஆனால் இடத்தை மிச்சம்பிடிக்க, பழைய வகுப்பு எண்ணும் புதிய சுட்டும் ஒரே புலத்தைப் பகிர்ந்துகொண்டன. ஆகையால் பழைய முறை பயன்பாட்டுக்கு வந்ததும் புதிய சுட்டு இழக்கப்பட்டு, சாக்கெட் எக்குழுவைச் சேர்ந்ததாயினும் மூலக்குழுவின் கணக்கில் விழுந்தது. 2021இல் டேனியல் போர்க்மன் இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்து இதைச் சரிசெய்தார்.

கணக்குப் பிசகினால் வரம்பு மீறிய நிரல் தப்பிக்கும். அதற்குரிய தண்டனையாக வேகம் குறைக்கப்படுவது குற்றமற்ற நிரலுக்கு. பன்னிரண்டு ஆண்டுகளில் இத்தனை பேர் திருத்தியது சில வரிகளையே எனினும், உடைமையைப் பிறந்த இடத்தில் பதிய வேண்டும், அப்பதிவுக்குப் பிறர் பங்கு கேளாத இடமும் வேண்டும் என்னும் இரண்டு உண்மைகளை அவ்வரிகள் நிலைநாட்டின.