புதிய சாலைச் சைக்கிளோட்டிக்குப் பைக் ஃபிட்டிங்: தேவையும் தருணமும்

1. ஆய்வுப் பொருள்

தமிழ்நாட்டில் சைக்கிள் பழகிய பல தலைமுறைகளுக்கு அளவு என்ற பேச்சே இருந்ததில்லை. வீட்டில் நின்ற ஒரே ஹெர்குலிஸ்தான் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும். கால் எட்டாத பிள்ளை பிரேமின் முக்கோணத்துக்குள் காலை நுழைத்துக் குரங்கு பெடல் அடித்தது; வளர்ந்தபின் பாருக்கு ஏறியது; அதற்கும் பின்புதான் சீட். நிறுத்தினால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்பதே சீட் உயரத்துக்கு இருந்த ஒரே விதி. நிமிர்ந்து உட்கார்ந்து கடைத்தெருவுக்கும் வயலுக்கும் போய்வந்த வரையில் இந்த விதியால் பெரிய கேடு விளையவில்லை.

அதே பழக்கத்தோடு ஒருவர் வளைந்த ஹேண்டில்பார் கொண்ட சாலைச் சைக்கிளை வாங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வரத் தொடங்கும்போது கணக்கு மாறுகிறது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,800 முறை மடங்கி நீள்கிறது. அடுத்து அவர் ஆசைப்படுவது 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய பிரவே என்னும் 200 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டம். இந்த எண்ணிக்கையில் சில மில்லிமீட்டர் பிழையும் உடலில் தெரியும். அப்படியானால் தொழில்முறை பைக் ஃபிட்டிங்குக்கு அவர் தொடக்கத்திலேயே பணம் செலவிட வேண்டுமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. ஒரு பெயருக்குள் மூன்று வேலைகள்

வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் பெரும்பாலும் வெவ்வேறு வேலைகளை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். வாங்குவதற்கு முன் சரியான பிரேம் அளவைத் தேர்வது ஒன்று. வாங்கிய அன்று சீட், ஹேண்டில்பார், ஷூவைப் பெடலில் பூட்டும் கிளீட் ஆகியவற்றைப் பொதுவான விதிப்படி நிறுத்துவது இன்னொன்று. ஓட்டுபவரின் மூட்டசைவை அளந்து, வலியையும் வளையும் தன்மையையும் சோதித்து, அவருக்கென்றே திருத்துவது மூன்றாவது. ஃபிட்டிங் நிலையங்கள் பெருந்தொகை கேட்பது இந்த மூன்றாவதற்கு.

ஆனால் திருத்த முடியாத பிழை நேர்வது முதலாவதில். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை மாற்றலாம், அதன் அடியிலுள்ள ஸ்பேசரைக் கூட்டலாம், குறைக்கலாம்; பிரேமின் நீளத்தை யாராலும் மாற்ற முடியாது. பிரேமில் எழுதியிருக்கும் 52, 54 போன்ற எண்களை நம்பி வாங்குவது ஆபத்து. ஒரு நிறுவனத்தின் 54-உம் இன்னொன்றின் 54-உம் ஒன்றல்ல. அமெரிக்கச் சைக்கிள் வடிவமைப்பாளர் டான் எம்ப்ஃபீல்டு முன்வைத்த ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகள்தாம் ஒப்பிடத் தக்கவை. பெடலைத் தாங்கும் கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, பிரேமின் முன்பக்க ஹெட் டியூபின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். இவற்றைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் செலவிடுவதே, என் கணிப்பில், புதியவர் பெறக்கூடிய மிகப் பயனுள்ள ஃபிட்டிங். தள்ளுபடியில் கிடைத்தது என்பதற்காக ஓர் அளவு பெரிய பிரேமை வாங்கிவிட்டுப் பிறகு ஃபிட்டரிடம் போவது, கழுத்துவலியை விலை கொடுத்து வாங்கியதாக முடியும்.

3. சீட் உயரம்

மூன்று தொடுபுள்ளிகளில், அதாவது பாதம், இடுப்பு, கை ஆகியவற்றில், முழங்காலின் நலத்தை மிகுதியாக முடிவு செய்வது சீட் உயரம். இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய வழிகள் உண்டு.

வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டுவரை மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்புவரை அளந்தால் கிடைப்பது உட்கால் நீளம். பிரான்சின் பயிற்சியாளர் சிரில் கிமார் 1980-களில் கையாண்டு, அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் வழியாகப் பரவிய சூத்திரம் இந்த நீளத்தை 0.883-ஆல் பெருக்கச் சொல்கிறது. கிடைப்பது கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரையான தூரம். ஹாம்லி, தாமஸ் இருவரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வு வேறு அளவைத் தந்தது: பெடல் தாழ்ந்த நிலையில் பெடலிலிருந்து சீட்வரை உட்கால் நீளத்தின் 109 விழுக்காடு.

உட்கால் 80 செ.மீ. உள்ளவருக்கு முதல் சூத்திரம் 70.6 செ.மீ. என்கிறது. இரண்டாவது 87.2 செ.மீ.; 170 மி.மீ. கிராங்கைக் கழித்தால் 70.2 செ.மீ. ஆக, இரண்டுக்கும் இடையே நான்கு மில்லிமீட்டர்தான். கிராங்க் 175 மி.மீ. ஆனால் இந்த இடைவெளி இரு மடங்குக்கும் மேல் விரியும். லெமாண்ட் சூத்திரம் கிராங்க் நீளத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

தொடையெலும்பும் கெண்டைக்காலும் எந்த விகிதத்தில் அமைந்தவை, பாதம் எவ்வளவு நீளம், மிதிக்கும்போது குதிகால் தாழ்கிறதா உயர்கிறதா என்பவை எந்தச் சூத்திரத்துக்குள்ளும் வருவதில்லை. எனவேதான் ஹோம்ஸ் முதலியோர் 1994-இல் முழங்கால் கோணத்தையே அளக்கச் சொன்னார்கள்: பெடல் தாழ்ந்த நிலையில் வளைவு 25 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூத்திரப்படி வைத்த உயரத்தைக் கோணமானியால் சோதித்தபோது பலர் இந்த வரம்புக்கு வெளியே நின்றதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நின்ற நிலையில் அளந்த கோணமும் மிதிக்கும்போதுள்ள கோணமும்கூட ஒன்றல்ல. ஓட்டத்தில் வளைவு சில டிகிரி கூடும். அசைவைப் படம்பிடிக்கும் கருவிகளுக்குப் பொருள் இருப்பது இந்த இடத்தில்தான்.

ஆனாலும் புதியவரின் பிழை மில்லிமீட்டரில் இருப்பது அரிது. தரையில் கால் ஊன்றும் பழைய பழக்கத்தால் அவருடைய சீட் பல சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். பெடலில் குதிகாலை வைத்து, தாழ்ந்த நிலையில் கால் நேராக நீளும்வரை சீட்டை உயர்த்தினாலே, முன்பாதத்தால் மிதிக்கும்போது ஏறக்குறைய வேண்டிய வளைவு வந்துவிடும். செலவில்லாத திருத்தம் இது. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகினால், உயர்ந்த சீட் பற்றிய அச்சமும் போய்விடும்.

ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சீட் டியூப் 73 டிகிரி சாய்வில் இருந்தால், சீட்டை ஒரு சென்டிமீட்டர் உயர்த்துகையில் அது 3 மி.மீ. பின்னாலும் போகிறது, ஹேண்டில்பார் அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறது.

4. சான்றுகளின் எல்லை

பொருத்தம் சரியாக இருந்தால் வலியே வராது என்ற விளம்பர வாக்குக்குச் சான்றுகள் துணை நிற்பதில்லை. 2010-இல் வெளியான கிளார்சன் குழுவின் ஆய்வில் 109 தொழில்முறைச் சாலை ஓட்டிகளிடம் விசாரித்தபோது, முந்தைய 12 மாதங்களில் கீழ்முதுகு வலி கண்டவர்கள் 58 விழுக்காடு. முழங்காலின் முன்புற வலி கண்டவர்கள் 36 விழுக்காடு. ஃபிட்டிங் வசதி யாரையும்விட எளிதில் கிடைத்தவர்கள் அவர்கள். பயிற்சியின் சுமைக்கும் வலியில் பங்குண்டு என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓட்டியவர் திடீரென்று 150-க்குத் தாவி முழங்கால் வலித்தால், முதலில் குறைக்க வேண்டியது தூரத்தை.

வேகம் கூடும் என்ற வாக்கும் அப்படியே. மார்ட்டின், ஸ்பிர்டூசோ இருவரும் 2001-இல் 120 முதல் 220 மி.மீ. வரை ஐந்து கிராங்க் நீளங்களைச் சோதித்தார்கள். இரு கோடிகளை விட்டால் உச்ச ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லை. கூடுதல் ஆற்றல் கிடைக்கும் என்று கிராங்க் மாற்றச் சொன்னால் புதியவர் மறுக்கலாம். குட்டையான கால்களுக்கு இடுப்பு அதிகம் மடங்காமல் இருக்கக் குட்டைக் கிராங்க் என்றால், அது ஏற்கத் தக்க காரணம்.

5. புதியவரின் உடல்

தொடக்க மாதங்களில் உடல் நிலைகொள்வதில்லை. முதுகும் கழுத்தும் குனிந்த நிலைக்குப் பழக வேண்டும். உட்காரும் எலும்புகள் சீட்டுக்குப் பழக வேண்டும். மிதிக்கும் முறையே மாறிக்கொண்டிருக்கும். முதல் வாரத்தில் நுட்பமாக அளந்து பொருத்திய நிலை, ஆறு மாதம் கழித்து வேறோர் உடலுக்கு உரியதாகிவிடும். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1969-இல் புளுவா ஓட்டத்தளத்தில் விழுந்து இடுப்பும் முதுகும் அடிபட்டபின், சீட் உயரத்தை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தார். அவ்வளவு பெரிய வீரருக்கே பொருத்தம் ஒருமுறை முடித்துவிடும் காரியமாக இருக்கவில்லை.

எனவே அளவுத் தேர்வும் அடிப்படை அமைப்பும் உடனே. முழு ஆய்வு, வாராந்தர ஓட்டம் ஒரு சீருக்கு வந்தபின். அதற்குள் புதியவர் தம் வலிகளைப் பெயர் சொல்லி விவரிக்கவும் கற்றிருப்பார். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயர்வு. சுண்டுவிரல் மரத்தால் கையில் பாரம் மிகுதி. இந்த விவரம் இல்லாமல் வருபவருக்குச் சிறந்த ஃபிட்டராலும் பொதுவிதியைத் தாண்டி அதிகம் செய்ய இயலாது.

காத்திருக்கக் கூடாதவர்களும் உண்டு. முழங்காலிலோ முதுகிலோ முன்பு அறுவை செய்துகொண்டவர்கள், கால்களின் நீளத்தில் வேறுபாடு உள்ளவர்கள், மிகக் குட்டையோ மிக நெட்டையோ ஆனவர்கள் தொடக்கத்திலேயே போவது நல்லது. பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போவதை யாரும் பழக்கத்தில் சரியாகும் என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. நரம்பும் இரத்தக் குழாயும் அழுந்துவதன் அறிகுறி அது. வெட்கப்பட்டு மறைப்பவர்கள் பலர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

6. ஃபிட்டரைத் தேர்தல்

இந்தியாவில் பைக் ஃபிட்டர் என்று பெயர்ப்பலகை வைக்க அரசு உரிமம் தேவையில்லை. கருவியின் பெயரும் தகுதியாகாது. ரெட்டூல் என்ற முப்பரிமாண அளவை முறை 2007-இல் கொலராடோவின் போல்டர் நகரில் தொடங்கியது. 2012-இல் சைக்கிள் தயாரிப்பாளரான ஸ்பெஷலைஸ்ட் அதை வாங்கியது. அளக்கும் கருவியும் விற்கும் சீட்டும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருப்பது குற்றமல்ல. ஆனால் புதிய பாகம் வாங்கச் சொல்லும்போது, இருப்பதை நகர்த்தியே சரிசெய்ய முடியாதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நல்ல ஃபிட்டர் சைக்கிளைத் தொடுமுன் ஆளைக் கேட்பார்: பழைய காயம், வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எதற்காக ஓட்டுகிறார். பிறகு மேசையில் படுக்கவைத்து இடுப்பும் தொடையும் எவ்வளவு வளைகின்றன என்று பார்ப்பார். சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார். அந்த மறுவருகை கட்டணத்தில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இறுதி அளவுகளை, சீட் உயரம், சீட்டின் பின்வாக்கு, ஹேண்டில்பார்வரையான தூரம், இறக்கம், கிளீட்டின் இடம் என்று எழுத்தில் பெறுவதும் அவசியம். ரயிலிலோ பெட்டியிலோ சைக்கிளைக் கழற்றி அனுப்பித் திரும்பப் பூட்டும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும். ஷூவோ பெடலோ மாறினால் அடிப்பாகத்தின் தடிமன் மாறும். அன்றைக்குச் சீட் உயரத்தை மீண்டும் அளந்துகொள்ள வேண்டும்.