கடைமடைக்கு எப்போது முறை?

பாரூர் ஏரியின் மதகைத் திறந்தால் தலைமடை வயலுக்கு நீர் எளிதில் பாய்ந்துவிடும். கடைமடைக்கோ, முறை வைத்தாலன்றி வந்து சேராது. மத்தூர்ப் பக்கத்து மாணவர்கள் இதனை நன்கறிவார்கள். கம்பியில்லா இணையத்தின் வரலாறும் ஒருவகையில் முறை வைத்த வரலாறே. கோபுரம் ஒன்று, அதற்கு வாய்த்த அலைவரிசை அளவானது, கேட்போர் பலர். அடுத்த கணம் யாருக்கு?

இத்தகைய கணக்குக்கு அடிகோலியவர் டென்மார்க்கு நாட்டு ஏர்லாங் என்பார். தொலைபேசி அழைப்புகள் கண்டபடி வருவனபோலத் தோன்றினும், அவற்றின் கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டென்று 1909இல் அவர் காட்டினார்.

நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990களில் 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினர். நொடியின் நூற்றிலொரு பங்கை 24 கூறுகளாக்கி, 12 கூறு போவதற்கும் 12 கூறு வருவதற்குமாகப் பகுத்த ஐரோப்பிய முறையின் மேல் எழுந்தது அது. 2001இல் மதுரை மாவட்டத்து மேலூர்ச் சிற்றூர்களுக்கு இணையம் சென்றது இதன் வழியாகத்தான். ஆனால் ஒருவருக்குத் தந்த கூறு, அவர் வாளாவிருந்தாலும் பேச்சு முடியுமட்டும் அவருடையதே. பேச்சுக்கு இது பொருந்தும். பெருகுவதும் ஓய்வதுமான இணையத்துக்குப் பொருந்துமா?

ஆகவே கணந்தோறும் முறையை மாற்ற வேண்டியதாயிற்று. அலை தெளிவாகக் கிட்டுபவருக்கே கொடுத்தால் மொத்த வரத்து மிகும். கோபுரத்தடியில் இருப்பவர் கொழிப்பார், குன்றின் மறைவில் இருப்பவர் பட்டினி கிடப்பார். எல்லாருக்கும் சம நேரம் கொடுத்தாலோ, நல்ல தருணங்கள் வீணாகும். 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கக் குவால்காம் பொறியாளர்கள் ஒரு நடுவழி கண்டனர். ஒருவர் இக்கணம் பெறக்கூடிய அளவை, அவர் இதுவரை சராசரியாகப் பெற்ற அளவால் வகுக்க வேண்டும்; ஈவு யாருக்குப் பெரிதோ அவருக்கே முறை. அருகிலிருப்பவர் 8 பெறக்கூடும், பெற்றது 4, ஈவு 2. தொலைவிலிருப்பவர் 3 பெறக்கூடும், பெற்றது 1, ஈவு 3. தொலைவிலிருப்பவரே வென்றார்! எளிய வகுத்தல்தான், ஆனால் நொடிக்கு 600 தடவை செய்தாக வேண்டும்.

பின்வந்த வைமாக்ஸ், நான்காம் தலைமுறை ஆகியவற்றின் தர விதிகள், முறை வைக்கும் சூத்திரத்தைக் கருவி செய்வோரிடமே விட்டுவிட்டன. எது நல்லதென்று எங்ஙனம் அறிவது? பள்ளி திறக்குமுன் தலைமையாசிரியர் காலஅட்டவணையைத் தாள் துண்டுகளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதில்லையா? (அதில் நான் இழந்த உறக்கம் கொஞ்சமன்று.) அவ்வாறே பொறியாளர் கணினிக்குள் ஒரு பாவனை ஊரை அமைத்து, கோபுரம் நட்டு, ஆட்களை ஆங்காங்கே இட்டு, பகடை உருட்டுவதுபோல் அழைப்புகளை வரவிட்டு, சூத்திரங்களை ஓட்டிப் பார்க்கின்றனர்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2008இல் வகுத்த தேவைகளில், இத்தகைய பாவனையில் சராசரியை மட்டும் பார்த்தால் போதாதென்று ஓர் அளவு சேர்க்கப்பட்டது. நூறு பேரைப் பெற்றதன்படி வரிசையில் நிறுத்தினால், கடைசியிலிருந்து ஐந்தாமவர் எவ்வளவு பெற்றார் என்பதே அது.