பெயர்ப்பட்டியலின் காவலர்

பிரான்சில் வழக்கறிஞர் சங்கத் தலைவரை 'பாத்தோனியே' என்பார்கள். கோல் பிடித்தவர் என்று பொருள். கோலைவிட வலுவான ஒன்று சங்கத்திடம் உண்டு: வழக்கறிஞர் பெயர்ப்பட்டியல். அதில் பேர் இல்லாதவர் யாருக்காகவும் கறுப்பு அங்கி போட்டு வாதாட முடியாது.

ழாக் ஷார்பான்தியே 1938இல் பாரிஸ் சங்கத்தின் பாத்தோனியே ஆனார். 1945 வரை, அதாவது ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலம் முழுக்க, அவர்தான் தலைவர். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கோழையில்லை. எதிர்ப்பியக்கத்தோடு சேர்ந்து தலைமறைவாகவும் இருந்தார். தொழிலின் சுதந்திரம் அவருக்கு உயிர்.

அப்படியிருக்க, அதே சங்கத்திலிருந்து யூத வழக்கறிஞர்களின் பெயர்கள் அடிக்கப்பட்டபோது என்ன நடந்தது? 1940 செப்டம்பர் 10 சட்டம், பிரெஞ்சுத் தகப்பனுக்குப் பிறந்தவர்க்கே இத்தொழில் என்றது. 1941 ஜூலை 16 ஆணை, யூதர்களை 2 விழுக்காட்டுக்குள் அடைத்தது. இறுதி முடிவு நீதிமன்றத்தின் கையில்தான். ஆனால் யார் யார் என்று பார்த்துச் சொல்லும் வேலை சங்க நிர்வாகக் குழுவிடமும் வந்தது. கோப்புகள் ஒழுங்காக நகர்ந்தன. 1941 ஆகஸ்டில் கைதாகி திரான்சி முகாமுக்குப் போன வழக்கறிஞர்களில் பியேர் மாஸ் ஒருவர். செனட்டர். 1916இல் துவோமோனில் செத்த தன் சகோதரனின் ராணுவப் பட்டையையும் கழற்ற வேண்டுமா என்று பெத்தேனுக்கே கடிதம் எழுதிக் கேட்டவர். 1942இல் அவுஷ்விட்சுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

இதை விஷி அரசின் பாவக்கணக்கில் மட்டும் எழுதிவிட முடியுமா? குடியுரிமை பெற்ற அந்நியர் பத்தாண்டு காத்திருந்தே பட்டியலில் சேரலாம் என்று சட்டம் போட்டது 1934இல் இருந்த குடியரசு. தொழிலில் கூட்டம் அதிகமாயிடுச்சு, தரம் போச்சு என்கிற புலம்பல் வழக்கறிஞர்களிடையே அப்போதே இருந்தது. வயிற்றுப்பிழைப்புப் போட்டி 'தொழில் தர்மம்' என்கிற சொல்லாடலுக்குள் புகுந்து கௌரவம் பெற்றது. விஷி வந்தபோது கதவு பாதி திறந்துதான் கிடந்தது.

என் வாதம் இதுதான். ஷார்பான்தியேவின் துணிச்சலும் மௌனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. சங்கத்தின் மேல் அவருக்கிருந்த பற்றுதான் அந்த இடம். வாதாடும் உரிமையில் அரசு கைவைத்தால் அது சங்கத்தின் மேல் விழுந்த அடி. சக வழக்கறிஞனின் பேரை அடித்தால்? சங்கம் அப்படியே நிற்கிறதே, என்ன குறைந்துபோச்சு? 1949இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பிலும், வழக்கறிஞர்களிடையே 'யூதப் பிரச்சினை' ஒன்று முன்பே இருந்ததாகத்தான் எழுதுகிறார். முகாம்கள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்து நான்கு வருஷம் கழித்து!

இந்தக் கதையை விரிவாகத் தோண்டி 1997இல் புத்தகமாக்கியவர் ரொபேர் பதேந்தேர். அவரும் வழக்கறிஞர், 1981இல் நீதி அமைச்சராக மரண தண்டனையை ஒழித்தவர், 1943இல் தகப்பனை நாஜி முகாமுக்குப் பறிகொடுத்த மகன். அவர் அந்த யூதவெறுப்பை 'சாதாரணமானது' என்றே தலைப்பில் குறிக்கிறார். வெறிக்கூச்சல் போடாத, மரியாதையான மனிதர்களின் வெறுப்பு அது.

சங்கம், இயக்கம், பத்திரிகைக் குழு எதுவானாலும் உறுப்பினர் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறோம். சுதந்திரம் என்று நாம் பேசும்போது பட்டியலைக் காக்கிறோமா, அதில் இருக்கிற ஆட்களையா? பாரிஸ் சங்கத்தில் அந்தக் கேள்வியை உரிய நேரத்தில் யாரும் உரக்கக் கேட்கவில்லை.