எத்தியோப்பிய அரச பாண்டு இசை

ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு பாண்டு வாத்தியம் வெள்ளைக்காரப் படைகளோடு வந்தது. எத்தியோப்பியாவில் கதை வேறு. 1896-ல் அட்வாவில் இத்தாலியப் படையை முறியடித்த நாடு அது. அந்த வெற்றிக்குப் பிறகு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலஸ் அனுப்பிய பரிசாகத்தான் பித்தளை வாத்தியங்கள் அடிஸ் அபாபாவுக்கு வந்து சேர்ந்தன.

அதுவரை அரசரின் வரவை அறிவித்தவை மூன்று: கோவேறு கழுதைமேல் ஏற்றி முழக்கும் நெகாரிட் முரசு, மலக்கட் என்னும் நீண்ட எக்காளம், எம்பில்டா குழல். எம்பில்டாவில் விரல் துளையே கிடையாது. ஒரு குழலில் ஓரிரு சுரங்களே எழும்; மூன்று பேர் முறைவைத்து ஊதினால்தான் மெட்டு உருவாகும்.

திருப்பம் 1924-ல் நேர்ந்தது. அப்போது பட்டத்து இளவரசராக இருந்த ராஸ் தஃபாரி, பின்னாளைய ஹைலே செலாசி, எருசலேமின் ஆர்மீனிய மடத்தில் ஒரு பாண்டு வாசிப்பைக் கேட்டார். வாசித்தவர்கள் துருக்கியில் நடந்த இனப்படுகொலையில் பெற்றோரை இழந்த சிறுவர்கள். நாற்பது பேரையும் தம் நாட்டுக்கே அழைத்துக்கொண்டார். அம்ஹாரிய மொழியில் அவர்களுக்கு 'அர்பா லிஜோச்' என்று பெயர். 'நாற்பது பிள்ளைகள்' என்று பொருள். நாட்டின் முதல் அதிகாரபூர்வ இசைக்குழு அகதிப் பிள்ளைகளால் ஆனது!

அவர்களின் ஆசான் கெவோர்க் நல்பந்தியான். 1926-ல் யோஃப்தாஹே நெகுசே எழுதிய வரிகளுக்கு அவர் அமைத்த மெட்டு நாட்டுப்பண்ணாயிற்று. முடியாட்சி கவிழும்வரை அதுவே ஒலித்தது. மெட்டின் வார்ப்பு முழுக்க ஐரோப்பிய அணிவகுப்பு இசைதான்.

கெவோர்க்கின் உறவினர் நெர்சஸ் நல்பந்தியான் செய்ததே இதைவிடக் கடினமான வேலை. எத்தியோப்பியப் பண்கள் பெரும்பாலும் ஐந்து சுரங்களுக்குள் அடங்குபவை. ஒரே நேரத்தில் பல சுரங்களை அடுக்கும் மேற்கத்திய முறையில் அவற்றை வைத்தால் சாயல் எளிதில் கெட்டுவிடும். அது கெடாதபடி பெரிய இசைக்குழுக்களுக்கு அமைத்துக் கொடுத்தார்.

பேரரசரின் மெய்க்காவல் படைக்கும் போலீசுக்கும் தனித்தனி இசைக்குழுக்கள் இருந்தன. திலாஹுன் கெசெசெ மெய்க்காவல் படைக் குழுவில் பாடிப் புகழ்பெற்றவர். இன்று உலகம் விரும்பிக் கேட்கும் எத்தியோப்பிய ஜாஸின் சாக்சபோன் ஓசைக்கு இந்தச் சீருடைக் குழுக்களே தாய்வீடு.

நெகாரிட் முரசு அரண்மனையை விட்டுப் போனாலும் பெயர் போகவில்லை. எத்தியோப்பிய அரசிதழின் பெயர் இன்றும் 'நெகாரிட் கெசட்டா'.