சங்கனும் பதுமனும் யூனிக்ஸும்

சங்கரன்கோவிலுக்குப் போனவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சங்கன் சிவபக்தன். பதுமன் விஷ்ணு பக்தன். யாருடைய சாமி பெரிய சாமி என்று இருவருக்கும் தீராத தகராறு. பஞ்சாயத்து அம்பாளிடம் போகிறது. கோமதி அம்மன் தவம் இருக்க, சிவன் ஒரு பாதி, நாராயணன் ஒரு பாதி என்று ஒரே உடம்பில் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்ததாகத் தலபுராணம். ஆடித்தபசு அன்றைக்கு ஊர் கொள்ளாது.

கிட்டத்தட்ட இதே தகராறு 1988-ல் அமெரிக்காவில் நடந்தது. நாகராஜாக்களுக்குப் பதில் கம்ப்யூட்டர் கம்பெனிகள். யாருடைய யூனிக்ஸ் நிஜமான யூனிக்ஸ் என்பது வழக்கு. எங்கேயோ அமெரிக்காக்காரன் அடித்துக்கொண்டால் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். அந்தச் சண்டையின் புழுதி நம்ம ஊர் பேங்க் கவுன்ட்டர் வரைக்கும் வந்தது.

80-களின் கடைசியிலும் 90-களிலும் பேங்க்குக்குப் போனவர்கள் ஞாபகப்படுத்திப் பாருங்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. டெல்லர் தட்டத் தட்ட எழுத்துகள் வரிசையாக வந்து விழும். பல கிளைகளில் அந்தத் திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது யூனிக்ஸ். அது தானாக வந்து உட்காரவில்லை. அதற்கு ஒரு பழைய சூடு காரணம்.

1973-ல் வந்த ஃபெரா சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியக் கிளையில் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கவேண்டும் என்றது. ஐ.பி.எம். மறுத்தது. 1978-ல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. அதன் மெஷின்களை நம்பியிருந்த அலுவலகங்கள்? நல்லவேளையாக அரசாங்கத்தின் சி.எம்.சி. நிறுவனம் பராமரிப்பை எடுத்துக்கொண்டது. ஆனால் பாடம் பாடம்தான். ஒரே கடையில் மட்டும் சாமான் வாங்கினால், கடைக்காரர் கதவைச் சாத்தும்போது நாம் தெருவில் நிற்கவேண்டும்.

1983-ல் ரிசர்வ் வங்கி ஒரு கமிட்டி போட்டது. தலைவர் சி. ரங்கராஜன், அப்போது துணை கவர்னர். தொழிற்சங்கங்களோடு பேசி, எதிர்ப்பைத் தாண்டி, வங்கிகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைய வழி செய்தது 1984-ல் வந்த அந்த அறிக்கைதான். தொடர்ந்து வங்கிகள் வாங்கும் மெஷின்களில் யூனிக்ஸ் ஓடவேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. யார் மெஷின் விற்றாலும் சரி, உள்ளே யூனிக்ஸ் இருக்கட்டும்! ஹெச்.சி.எல்., விப்ரோ என்று இந்தியக் கம்பெனிகள் யூனிக்ஸ் மெஷின் தயாரிப்பில் இறங்கின. (ஹெச்.சி.எல். சிவ் நாடார், தூத்துக்குடி மாவட்டம் மூலைப்பொழிக்காரர். தென்பாண்டிச் சீமை இந்தக் கதையில் வேறு வழியாகவும் நுழைகிறது.)

கணக்கு சரிதான். இன்றைக்கு ஒரு கம்பெனி மெஷின், பிடிக்காவிட்டால் நாளைக்கு இன்னொன்று. மென்பொருள் அப்படியே ஓடும். காகிதத்தில்.

யூனிக்ஸ் பிறந்தது 1969-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில். கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி இருவரும் பெற்ற பிள்ளை. 1973-ல் அதை சி மொழியில் மாற்றி எழுதினார்கள். ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்குக் குடிபெயர்க்கும் வழி அப்படித்தான் திறந்தது. பெல் ஆய்வுக்கூடத்தின் முதலாளியான ஏ.டி. அண்ட் டி., பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த விலையில் மூலநிரலோடு கொடுத்தது. பெர்க்லி மாணவர்கள் அதைப் பிரித்து மேய்ந்து, தங்கள் சரக்கைச் சேர்த்து பி.எஸ்.டி. என்று விட்டார்கள். 1983-ல் ஏ.டி. அண்ட் டி. தன் பங்குக்கு சிஸ்டம் ஃபைவ் என்று ஒன்றை விற்றது. சங்கன், பதுமன் ஆயிற்றா? பிறகு சன், ஹெச்.பி., ஐ.பி.எம்., எஸ்.சி.ஓ. என்று ஆளாளுக்கு ஒரு யூனிக்ஸ். மைக்ரோசாஃப்ட்கூட ஸெனிக்ஸ் என்ற பெயரில் யூனிக்ஸ் விற்றது என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள்.

எல்லாம் யூனிக்ஸ்தான். ஆனால் ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் ஓடாது. பெரிய விஷயங்களில் இல்லை சார், சில்லறை விஷயங்களில். மென்பொருளை மெஷினில் ஏற்றும் அந்த முதல் பத்து நிமிஷத்தில்.

யூனிக்ஸில் நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி நிறைவேற்றும் புரோகிராமுக்கு ஷெல் என்று பெயர். கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட். கல்யாணச் சமையலுக்கு எழுதிக் கொடுக்கிற குறிப்பு மாதிரி. மென்பொருள் விற்பவர் கூடவே ஒரு இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் கொடுப்பார். அதை ஓடவிட்டால் எந்தக் கோப்பு எங்கே போகவேண்டுமோ அங்கே போய் உட்காரும்.

சிக்கலைப் பாருங்கள். திரையில் ஒரு வரி எழுத எக்கோ என்று ஒரு கட்டளை. இதைவிட எளிமையாக ஒன்று இருக்க முடியாது. "உங்கள் பெயர்:" என்று கேட்டுவிட்டு அதே வரியில் பதிலுக்குக் காத்திருக்கவேண்டும் என்றால், பி.எஸ்.டி.யில் எக்கோவுக்குப் பக்கத்தில் ஒரு மைனஸும் 'என்' எழுத்தும் போடவேண்டும். சிஸ்டம் ஃபைவில் கடைசியில் ஒரு சாய்கோடும் 'சி' எழுத்தும். ஆள் மாறினால் அந்த எழுத்துகள் அப்படியே திரையில் வந்து பல்லிளிக்கும். பிரிண்ட்டருக்கு அனுப்ப ஒரு கட்சியில் எல்.பி., இன்னொரு கட்சியில் எல்.பி.ஆர். ரசீது அடிக்கவேண்டிய அலுவலகத்தில் இது தமாஷ் இல்லை.

1984-ல் லாரி வால் என்பவர், பின்னால் பெர்ல் மொழியை உருவாக்கியவர், ஒரு தந்திரம் செய்தார். அவருடைய இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் மெஷினைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்காது. பெயரை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று அவருக்குத் தெரியும். எக்கோவை ஒருமுறை பேசவிட்டு, தேவையில்லாத எழுத்து வாயிலிருந்து விழுகிறதா என்று பார்க்கும். அதைப் பொறுத்து மேற்கொண்டு நடந்துகொள்ளும். மாப்பிள்ளை வீட்டார் சொல்வதை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற மாதிரி. 1991-ல் டேவிட் மெக்கென்ஸி ஆரம்பித்த ஆட்டோகான்ஃப் இதையே தொழிற்சாலையாக்கியது. பரிசோதிக்கும் ஸ்கிரிப்ட்டை அதுவே எழுதிக் கொடுக்கும். எங்கேயாவது ஒரு கிழட்டு மெஷின் இருந்து தொலைத்தால்? ஷெல்லில் ஃபங்ஷன் வசதி 1984-லேயே வந்தும், ஆட்டோகான்ஃப் எழுதும் ஸ்கிரிப்ட்டுகள் இருபது வருஷத்துக்கு மேல் அதைத் தொடவே இல்லை.

இன்னொரு வேடிக்கை. இரண்டு சொல் ஒன்றா என்று ஷெல்லிடம் கேட்கும்போது, ஒரு சொல் காலியாகவோ மைனஸில் ஆரம்பித்தோ இருந்தால் பழைய ஷெல்கள் குழம்பும். அதற்காக இரண்டு பக்கமும் ஒரு 'எக்ஸ்' போட்டுக் கேட்பார்கள். பிள்ளையார் சுழி மாதிரி. ஏன் போடுகிறோம் என்று தெரியாமலே இன்றைக்கும் போடுகிறவர்கள் உண்டு.

நான் படித்தது காமர்ஸ். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். டெண்டரில் மெஷின் விலைக்கு ஒரு காலம் இருக்கும், பராமரிப்புக்கு ஒரு காலம் இருக்கும். ஸ்கிரிப்ட்டை மாற்றி எழுதும் செலவுக்குக் காலமே கிடையாது. விற்பவனை மாற்றும் சுதந்திரத்தைக் கமிட்டி அறிக்கை கொடுத்துவிட்டது. அதை எடுத்துக்கொள்ள முடியுமா என்பதை, யாரோ ஒரு புரோகிராமர் ராத்திரி அவசரத்தில் எழுதிய நாற்பது வரி ஸ்கிரிப்ட் தீர்மானித்தது.

பஞ்சாயத்துக்கு வருவோம். ஏ.டி. அண்ட் டி.யும் சன்னும் கைகோக்க, பயந்துபோன ஐ.பி.எம்., ஹெச்.பி., டெக் எல்லாம் 1988-ல் தனிக் கட்சி கட்டின. அதே வருஷம் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் சங்கம் ஒரு தர நிர்ணயம் வெளியிட்டது. பெயர் பாசிக்ஸ். பெயர் சூட்டியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். இது மென்பொருள் இல்லை, வெறும் காகிதம். யூனிக்ஸ் மாதிரி நடந்துகொள்ள என்னென்ன செய்யவேண்டும் என்ற பட்டியல். ஷெல்லுக்கும் கட்டளைகளுக்குமான பகுதி 1992-ல் வந்தது. அமெரிக்க அரசாங்கம், பாசிக்ஸ் இருந்தால்தான் வாங்குவேன் என்று டெண்டரில் எழுத, விற்பவர்கள் வழிக்கு வந்தார்கள். பரிசம் போடுகிறவன் சொன்னால்தானே கேட்பார்கள். மைக்ரோசாஃப்ட்கூட 1993-ல் விண்டோஸ் என்.டி.யில் பாசிக்ஸ் சேர்த்தது. முதல் பகுதி மட்டும். ஷெல் கிடையாது. டெண்டருக்கு அது போதும்.

எக்கோ தகராறு? பாசிக்ஸ் பஞ்சாயத்து அதில் தோற்றது. இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம், வம்பே வேண்டாம் என்றால் பிரிண்ட்எஃப் என்ற வேறு கட்டளையைப் பயன்படுத்துங்கள் என்று எழுதிவிட்டது.

இதெல்லாம் நிஜத்தில் என்ன ஆகும் என்பதற்கு எல்.ஐ.சி. இருக்கிறது. 90-களில் அதன் கிளைகளில் ஓடியது எஸ்.சி.ஓ. யூனிக்ஸ். 2000-களில் ரெட் ஹேட் லினக்ஸுக்கு மாறினார்கள். 2,000-க்கும் மேற்பட்ட கிளைகள். சங்கரன்கோவில் மாதிரி ஓர் ஊரில் கிளை அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். கவுன்ட்டரில் பிரீமியம் கட்ட வரிசை நிற்கிறது. ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் சரிசெய்யத் தெரிந்தவர் திருநெல்வேலியிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டும். மும்பையில் ஓடுகிறது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. இரண்டாயிரமாவது கிளையிலும் யாரும் கை வைக்காமல் ஓடவேண்டும். ஓடியது. யூனிக்ஸ் என்ற நிபந்தனை அங்கே பலன் கொடுத்தது.

லினக்ஸ் வந்தபிறகு சண்டை ஓய்ந்தது என்று நினைத்தவர்களுக்கு 2006 அக்டோபரில் அடி விழுந்தது. உபுண்டு லினக்ஸ் தன் 6.10 பதிப்பில், மெஷின் சீக்கிரம் எழுந்திருக்கட்டும் என்று, 'எஸ்.ஹெச்.' என்ற பெயரில் அதுவரை இருந்த பாஷ் ஷெல்லை எடுத்துவிட்டு டாஷ் என்ற ஒல்லி ஷெல்லை வைத்தது. பாசிக்ஸ்படி தப்பே இல்லை. ஆனால் ஊர்ப்பட்ட ஸ்கிரிப்ட்டுகள் குப்புற விழுந்தன. ஒரு சமக்குறி போதும் என்கிற இடத்தில் இரண்டு போட்டால் பாஷ் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்ளும், டாஷ் ஏற்காது. பாஷ் மட்டுமே பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை, அதுதான் யூனிக்ஸ் என்று எழுதிக்கொண்டிருந்தது.

ஸ்கிரிப்ட்டாவது பரவாயில்லை, தப்பென்றால் நின்றுவிடும். கூட வரும் விளக்கக் காகிதம் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. அதை ஓட்டுவது மனுஷன். யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3-ஆம் தேதியிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், அதில் என்ன பிழை இருக்கிறது என்று அவர்களே எழுதிய ஒரு பகுதியோடு. அந்த நேர்மை பிற்பாடு குறைந்தது. "டார் கட்டளையில் இசட் போட்டுப் பிரியுங்கள்" என்று விளக்கம் சொல்லும். பழைய சோலாரிஸ் மெஷினில் அந்த இசட்டே கிடையாது. எழுதியவர் தன் மேஜையைத் தாண்டிப் பார்க்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் "பையக் கொண்டா" என்றால் மெதுவாக, ஜாக்கிரதையாகக் கொண்டுவா என்று அர்த்தம். மெட்ராஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள், பையை எடுத்து வருவார். கில்ஆல் என்ற கட்டளை அப்படிப்பட்டது. லினக்ஸில் அதோடு ஒரு புரோகிராமின் பெயரைச் சேர்த்தால் அந்தப் புரோகிராமை மட்டும் நிறுத்தும். சோலாரிஸில் கில்ஆல் என்பது மெஷினை அணைக்கும் நேரத்தில் ஓடுகிற அத்தனையையும் நிறுத்துவதற்கு. லினக்ஸில் எழுதிய விளக்கத்தைப் பார்த்து ஒருவர், அதுவும் முழு அதிகாரத்தோடு, சோலாரிஸில் தட்டினால் விபரீதம்.

லினக்ஸ்காரர்களுக்கு இது தெரியும். கில்ஆல் கையேட்டுப் பக்கத்தில், மற்ற சிஸ்டங்களில் இதைத் தட்டினால் நீங்கள் நினைப்பது நடக்காமல் போகலாம் என்று எச்சரித்தே இருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை லினக்ஸ் மெஷினில் இருக்கிறது. சோலாரிஸ் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கையேட்டில் அது கிடையாது.